இருமல் லீவு

ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் வந்துவிடும். தொழில் நடத்துகிறவர்களைத் திடுக்கிட வைக்கக் கூடாது என்று சட்டத்தில் கருணையோடு ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஒரு வாரமும் கல்மாவு ஆலை அமர்க்களப்படும். வருடம் முழுக்க ஓய்வெடுத்த தூசி உறிஞ்சும் விசிறிக்கு எண்ணெய் போடுவார்கள். ‘உங்கள் மூச்சே எங்கள் மூச்சு’ என்ற பலகையைத் துடைப்பார்கள். ஆய்வு நாளன்று, இருமுகிறவர்களுக்கெல்லாம் சம்பளத்தோடு விடுமுறை. ஆலைக்குள் அதற்கு இருமல் லீவு என்று பெயர்.

பதினெட்டு வருடம் கல்மாவு சலித்த சல்லடைக்காரருக்கு நான்கு வருடமாக அந்த லீவு தவறியதில்லை. டாக்டர் அவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார். செலவைத் தொழிலாளர் நிதி ஏற்கும். ஆனால் ஆலையில் இப்படியொரு நோயாளி இருப்பதாக ஆய்வாளர் எழுதியிருக்க வேண்டும். அவரோ நான்கு வருடமாக ஒரே வரியைத்தான் எழுதிவந்தார்: ‘இருமல் உள்ளவர் எவருமில்லை.’

சல்லடைக்காரரின் மனைவி அதே ஆலையில் மூட்டை தைப்பவள். இந்த முறை அவள் சூப்பர்வைசரைப் பிடித்துக்கொண்டாள்.

“போன வருசம் இவருக்குப் பதிலா நின்ன ஆளு சல்லடையக் கிழிச்சு, ஆபீசர் தலையில மாவக் கொட்டினது மறந்துபோச்சா தம்பி? இந்த வாட்டி இவரே நிக்கட்டும்.”

சூப்பர்வைசருக்கு மறக்கவில்லை. “அண்ணன் இருமிட்டா என் வேலை போயிடும் அக்கா.”

“மருந்து குடுத்துக் கூட்டிட்டு வர்றேன்.”

மருந்து கொடுக்கவில்லை. காலையில் கணவருக்குப் பாடம்தான் நடந்தது. “நீங்க ஒண்ணும் பேச வேணாம். ஆபீசர் பக்கத்துல வந்ததும் இருமுங்க. தினமும் செய்யிற வேலைதானே?”

“இதை எனக்கே சொல்லித் தர்றியா?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“இதேதான். அப்படியே எடுத்துட்டு வாங்க.”

எல்லாருக்கும் புது முகக்கவசம் கொடுத்தார்கள். ஆய்வாளருக்கு மேலாளர் ஆலையின் சமூகப் பொறுப்பை விளக்கிக்கொண்டே வந்தார். இருவரும் சல்லடை முன் நின்றார்கள். மனைவி ஊசியை நிறுத்தினாள்.

சல்லடைக்காரர் நிமிர்ந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. இருமல் மட்டும் வரவில்லை.

“உடம்பெல்லாம் சௌக்கியமா?” என்று ஆய்வாளர் அவர் காதருகே கேட்டார்.

வாயைத் திறந்தால் வெடித்துவிடும். பலமாகத் தலையாட்டினார்.

“கண்ணு ஏன் கலங்குது?”

“கம்பெனி மேல அவ்வளவு பாசம் சார்,” என்றார் மேலாளர்.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோய்க் குறிப்பேட்டைத் திறந்தார்.

“ஐயா! அவருக்கு நெஞ்சு…” என்று மனைவி கத்தினாள். பழக்கமில்லாமல் ஓடிய விசிறி போட்ட இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து, ஆய்வாளர் அன்போடு தலையசைத்துவிட்டுப் போனார்.

கார் வாசல் தாண்டியது. விசிறியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் சல்லடைக்காரர் இருமினார். நின்று இருமி, குனிந்து இருமி, கடைசியில் தரையில் உட்கார்ந்து இருமினார். சுற்றி நின்றவர்கள் அவரவர் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அத அவர் இருக்கும்போது செஞ்சிருக்கலாம்ல?” மனைவி அவர் முதுகைத் தடவினாள்.

“அவ்வளவு பெரிய மனுஷர் மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா இருமறது?” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். “மரியாதையா இருக்காது.”

அடுத்த ஆய்வுக்கு இன்னும் ஒரு வருடம். டாக்டர் அவ்வளவு நாள் கெடு கொடுக்கவில்லை.

சூப்பர்வைசர் சாக்கோடு வந்து முகக்கவசங்களைத் திரும்ப வாங்கினார். சல்லடைக்காரர் தன்னுடையதைக் கழற்றி நீட்டினார். உள்பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது. வாங்க நீட்டிய தன் கையைச் சூப்பர்வைசர் இழுத்துக்கொண்டார்.

“இது… உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே.”

பதிவேட்டில், எல்லாம் திரும்ப வந்துவிட்டதாக எழுதிக்கொண்டார்.