மாகறல் மேடைக்கு ஒரு பேஸ் கிட்டார்

கிட்டாரின் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. கழுத்தில் பதித்த கம்பிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

"இத எங்கப்பா வெச்சிருந்த?"

"தறி மேலதான். குழிக்கு நேரா மாட்டி வெச்சேன்" என்றார் அப்பா.

என் அப்பா வீரபாகு பட்டு நெய்கிறவர். காற்று காய்ந்தால் பட்டு இழை அறும். அதனால் கால் விட்டு உட்காரும் தறிக்குழியைச் சுற்றி எப்போதும் தண்ணீர் தெளித்து வைப்பார், சன்னலைத் திறக்க விடமாட்டார். அந்த அறைக்குள் போனால் சட்டை உடம்பில் ஒட்டும். அங்கேதான் என் பேஸ் கிட்டார் ஏறக்குறைய ஒரு வருஷம் தொங்கியிருக்கிறது.

"ஏன் அங்க?"

"தந்தி அறுந்துடக் கூடாதேன்னுதான். அப்பப்ப தொட்டுப் பாப்பேன். தொய்வா இருந்தா முறுக்கி விடுவேன்."

"முறுக்கினியா?"

"தறியில பாவு நூலு தொஞ்சா இழுத்துக் கட்டமாட்டோமா? அது மாதிரிதான்."

"பட்டு நூலாப்பா இது? இரும்பு! இழுத்து இழுத்துக் கட்டையையே வளைச்சு வெச்சிருக்கற! ஈரத்துல வேற!"

"இன்னாத்துக்குடா கத்தற? நீ அத்தத் திரும்பிக்கூடப் பாக்கல. நானாவது பாத்துக்கினேன்."

அது உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனேன்.

என் மனைவி சத்யப்ரியா இறந்த பிறகு நான் அதைத் தொடவில்லை. காய்ச்சல் என்று போனாள், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்லும்படி எனக்குள் ஒன்றும் இல்லை. தொழிற்சாலைக்குப் போனேன், கணக்கு எழுதினேன், வந்தேன், சாப்பிட்டேன். அழவும் இல்லை. அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர்களே பெண் பார்க்கவும் ஆரம்பித்தார்கள்.

போன வாரம் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு கல்யாண மண்டபத்தில் ஏதோ குழு வாசித்தது. தெருவைக் கடக்கும்போது பேஸ் சத்தம் நெஞ்செலும்பில் வந்து இடித்தது. நின்றுவிட்டேன். ஒரு வருஷத்தில் என் உடம்புக்கு எட்டிய முதல் விஷயம் அது. மறுபடி வாசிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். மேடையில், மற்றவர்களோடு, பின்வரிசையில். வேறெதுவும் வேண்டாம்.

கல்லூரி நாளிலிருந்து நான் சிட்டிபாபுவின் இன்னிசைக் குழுவில் இருந்தவன். சிட்டிபாபு பாடகர், குழுவுக்கு முதலாளியும் அவரே. அவருக்குப் போன் செய்தேன்.

"சனிக்கிழமை மாகறல் திருவிழாப்பா. வாயேன்" என்றார். குரலில் சுருதி இறங்கியது. "ஆனா சிவா, உனக்கு இன்னும் வருஷம் திரும்பலையே."

"மேடை கோயிலுக்கு வெளியதானேண்ணா?"

"வெளியதான். ஆனா சாமி எதுக்கால நிக்கும். ஊர்க் கமிட்டியில தீட்டான்னு கேட்டாங்கன்னா?"

"கேட்டா?"

"திரும்பிடுச்சுன்னு சொல்லிடு. வாயத் தொறக்காம வந்து வாசிச்சுட்டுப் போயிடு. பொண்டாட்டி பேச்சே அங்க வரக் கூடாது, ஆமா. அப்புறம் இன்னொண்ணு. வியாழக்கிழமை ரிகர்சலுக்குக் கிட்டாரோட வா. போன தடவ வேற ஒருத்தன் வந்தான், பாட்டு பூரா வண்டு மாதிரி கொய்யுன்னு சத்தம். மாகறல்ல ஜெனரேட்டர், சுத்தி சீரியல் லைட். இரைச்சல் வந்தா உன்ன எறக்கி விட்டுட்டு கீபோர்டுலயே பாத்துக்குவேன்."

பொய் சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. சரி என்றேன். மனைவி பேச்சு வரக் கூடாது என்பது எனக்கும் வசதிதான்.

இருந்த பணத்துக்குப் பத்தாயிரத்துக்குள்தான் வாங்க முடியும். புதன்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனேன். அப்பா பின்னாலேயே வந்தார். வர வேண்டாம் என்றேன். "நாந்தான கெடுத்தேன், நானும் வரேன்" என்று பைக்கில் ஏறிவிட்டார்.

கடையில் கலைவாணன் என்று ஒருவர் இருந்தார். சுவரிலிருந்து சிவப்பாக ஒன்றை இறக்கினார். முகம் தெரிகிற பளபளப்பு.

"இதுதான் சார் இப்ப ஓடுது. ஆக்டிவ். உள்ள பேட்டரி இருக்குது. சும்மா கும்முன்னு கேக்கும்."

"பேட்டரி நடுப் பாட்டுல போனா?"

"மாத்திக்கலாம் சார்."

"மேடையில, ஸ்க்ரூடிரைவர் வெச்சுக்கினா?"

வாரை மாட்டி நின்றுகொண்டேன். இரண்டு கையையும் விட்டேன். கிட்டாரின் தலை மெதுவாகச் சரிந்து முழங்காலுக்குப் போனது. கழுத்து கனம், உடல் லேசு. இடது கை பாட்டு வாசிக்காது, கிட்டாரைத் தாங்கிக்கொண்டே இருக்கும்.

"உக்காந்து வாசிச்சுப் பாருங்க சார், நல்லா இருக்கும்."

"உக்காந்து வாசிக்கறவன் வீட்டுல வாசிக்கறவன். நான் கச்சேரி முடியற வரைக்கும் நிக்கணும். அடுத்தது."

அடுத்தது வெள்ளை. மெலிந்த கழுத்து, கைக்குச் சுகமாக இருந்தது. கலைவாணன் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார். கல்லாவுக்கு மேலே சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயரை அதன் அடியிலேயே வைக்கச் சொன்னேன்.

"எதுக்கு சார்?"

"வைங்க."

சொருகினேன். சத்தத்தை முழுதாக ஏற்றிவிட்டுத் தந்தியிலிருந்து கையை எடுத்தேன். 'ங்' என்று ஒரே இரைச்சல். திரும்பி நின்றால் குறைந்தது, பல்புப் பக்கம் வந்தால் கூடியது. தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகள் அதில் ஒற்றைச் சுருள். சுற்றியிருக்கும் மின்சாரத்தையெல்லாம் இழுத்துப் பாட்டோடு சேர்த்துக் கொடுக்கும்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும் சார். பாட்டு ஆரம்பிச்சா தெரியாது."

"பாட்டுக்கு நடுவுல தெரியும்."

"ஒரு கிட்டார் வாங்க எம்மாம் டெஸ்ட்டு! பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க சார்."

மூலையில் மண்ணிறத்தில் ஒன்று சாய்ந்திருந்தது. பளபளப்பு இல்லை, ஓரத்தில் ஒரு கீறல். ஒரே ஒரு பிக்கப், அகலமானது, இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள். பேட்டரி இல்லை. எடுத்து மாட்டிக் கையை விட்டேன். விட்ட இடத்தில் நின்றது. கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நேர். பல்புக்குக் கீழே போய் நின்றேன். இரைச்சல் இல்லை. வயர் சொருகும் இடத்தை ஆட்டினேன். கரகரப்பு இல்லை. கனமான தந்தியை ஒரே ஒரு தடவை மீட்டினேன். கண்ணாடி அலமாரியில் புல்லாங்குழல்கள் நடுங்கின.

இதுதான். எனக்குத் தெரிந்துவிட்டது.

விலைச் சீட்டைப் பார்த்தேன். கையில் இருந்ததைவிடக் கொஞ்சம் மேலே. என்ன செய்யலாம் என்று நான் யோசிப்பதற்குள் அப்பா கல்லாப் பக்கம் போய்விட்டார். குரலைத் தாழ்த்தியதாக அவர் நினைப்பு.

"தம்பி, பாத்துப் போட்டுக் குடுப்பா. பொண்டாட்டி செத்துப்போச்சு. சின்னப் பொண்ணு. கல்யாணமாயி ரெண்டு வருஷங்கூட ஆவல. புள்ள ஒடிஞ்சு போயிட்டான். இத்தக் குடுத்தாதான் மனுஷனாவான்."

கலைவாணன் முகம் மாறியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக எல்லோரும் அதே பார்வையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"ஐயோ, அப்படியா சார்? எனக்குத் தெரியாது சார். நான் பாட்டுக்குப் பொண்ணு கிண்ணுன்னு... நீங்க குடுக்கறதக் குடுங்க சார்."

கிட்டாரைக் கழற்றி இருந்த மூலையிலேயே வைத்தேன். வெளியே வந்து பைக்கை எடுத்தேன். அப்பா ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

"ஏன்டா, குடுக்கறேன்னுதான சொன்னான்?"

"அவள வெச்சு வெல பேசினியாப்பா?"

"அதுக்கில்லடா..."

"சேலைக்குக் கூலி பேசறப்ப அம்மா செத்த கதையச் சொல்லி ரெண்டு காசு ஏத்திக் கேப்பியா?"

"உன்னோட வாயி ஆவாதுடா."

"அப்ப பேசாத."

பைக்கை வேகமாக முறுக்கினேன்.

மறுநாள் தொழிற்சாலையில் முன்பணம் கேட்டு வாங்கினேன். கடைக்குத் தனியாகப் போனேன். சீட்டில் இருந்த விலையை எண்ணி மேசைமேல் வைத்தேன்.

"சார், நேத்து அப்பா சொன்னாரே, கொறைச்சுக்கலாம் சார்."

"வேணாம். எல்லாருக்கும் இன்னா வெலையோ அதுதான் எனக்கும்."

"சார், உறையாவது சும்மா..."

"உறையும் வேணாம்."

பெட்ஷீட்டில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு செவிலிமேடு போனேன். சிட்டிபாபு வீட்டு மாடியில் ரிகர்சல். கீபோர்டு வாசிக்கும் பிரேம்நாத் பெட்ஷீட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாண்ணா, கொழந்தையத் தூக்கிக்கினு வந்த மாதிரி இருக்குது?"

"கேட்டுப் பாத்துட்டு சிரி."

கேட்டான். சிரிப்பை நிறுத்தினான். சிட்டிபாபு ஸ்பீக்கர் அருகே காதை வைத்தார். "பரவாயில்லையே, வண்டு வாயே தொறக்கல" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

சனிக்கிழமை மாகறலில் சாயங்காலமே மேடை ஏறிவிட்டோம். பின்னால் பத்தடி உயரத்துக்குப் பல்பாலேயே செய்த சாமி. ஜெனரேட்டர் மேடைக்கு ஒட்டியே உறுமிக்கொண்டிருந்தது. நான் பின்வரிசையில், டிரம் பேடுக்குப் பக்கத்தில் நின்றேன். கிட்டாரில் ஒரு துளி இரைச்சல் இல்லை.

முதல் பாட்டு பக்திப் பாட்டு. இரண்டாவது, மூன்றாவது போயின. விரல் நுனி எரிந்தது. எரியட்டும் என்று இருந்தது. சத்யா இப்படித்தான் ஸ்பீக்கர் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவாள். கச்சேரி முடிந்ததும், "எல்லாஞ் சரி, இதுல உன்னுது எது?" என்று கேட்பாள். கடைசிவரை அவளுக்கு அது தனியாகக் கேட்டதே இல்லை. அதை நினைத்தபோதும் விரல் தப்பவில்லை. நினைத்துக்கொண்டே வாசிக்க முடிந்தது. இதற்காகத்தான் வந்தேன்.

நான்காவது பாட்டில் தூறல் போட்டது. சனம் எழ ஆரம்பித்தது. பெண்கள் பக்கம் பாதி நாற்காலி காலி. பாட்டுக்கு அன்பளிப்புப் பணம் கொண்டுவரும் ஆட்களும் பந்தலுக்கு அடியில் ஒதுங்கிவிட்டார்கள். சிட்டிபாபு பாட்டை முடித்துவிட்டு வெற்று நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தாய்மார்களே, ஒரு நிமிஷம். போயிடாதீங்கம்மா. இந்த மேடையில ஒரு தம்பி நிக்கறாரு. சிவபாலன். பேஸ் கிட்டார். பாத்தா சாதாரணமா இருப்பாரு. ஆனா அவரு நெஞ்சுல எவ்ளோ பாரம் தெரியுமா? இந்தச் சின்ன வயசுல ஆசை மனைவியப் பறிகுடுத்துட்டு நிக்கறாரு. வருஷங்கூடத் திரும்பல. ஆனா கலைக்காக, உங்க மாகறல் ஈசனுக்காக, கண்ணீரத் தொடச்சுக்கினு..."

பிரேம்நாத் தலையைக் குனிந்துகொண்டான்.

போனவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா, "அய்ய, பாவம், கொழந்தையாட்டம் இருக்குது" என்றாள். நாற்காலிகள் நிறைந்தன. எல்லாக் கண்ணும் டிரம் பேடைத் தாண்டி என்மேல் வந்து ஒட்டின. யாரோ என்னை நோக்கி விளக்கைக்கூடத் திருப்பினார்கள்.

வருஷம் திரும்பிவிட்டது என்று சொல்லச் சொன்ன வாய் அது. அவள் பேச்சே வரக் கூடாது என்ற வாய்.

கமிட்டித் தலைவர் தணிகாசலம் பொன்னாடையோடு மேடை ஏறினார். பெரியவர். அவருக்குக் கோபமே இல்லை, கண் கலங்கியிருந்தது. தீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு என் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"இப்ப நம்ம தம்பியோட அந்த தேவதைக்காக ஒரு சோகப் பாட்டு" என்றார் சிட்டிபாபு. "பிரேம்நாத், சுருதி குடுப்பா."

பிரேம்நாத் கீபோர்டில் கை வைப்பதற்குள் நான் அடித்தேன்.

சோகப் பாட்டு இல்லை. கச்சேரியில் கடைசிக்கு என்று வைத்திருந்த குத்துப் பாட்டு. அதன் ஆரம்பம் பேஸில்தான். கனமான தந்தியில் மூன்று அடி, கீழே ஒரு இழுப்பு, மறுபடி மூன்று அடி. சத்தத்தை முழுதாகத் திருப்பிவிட்டு அடித்தேன். மேடைப் பலகை அதிர்ந்தது. பேட் வாசிக்கிறவன் என்னைப் பார்த்தான். நான் விடவில்லை. இரண்டாவது சுற்றில் அவன் சேர்ந்துகொண்டான். அவனுக்கு வேறு வழியில்லை, அந்த அடிக்கு யாருடைய கையும் சும்மா இருக்காது. மூன்றாவது சுற்றில் பிரேம்நாத் வந்தான்.

சிட்டிபாபு மைக்கை மூடிக்கொண்டு திரும்பினார்.

"டேய், நிறுத்துடா! இன்னா பண்ற? சோகம்டா, சோகம்!"

"நீங்க பாடுங்கண்ணா."

"உன்ன இதோட கழட்டி விட்டுடுவேன், தெரிஞ்சுக்க."

"விடுங்க. இப்பப் பாடுங்க."

பாட வேண்டிய இடம் வந்தது. அவர் பாடவில்லை. நான் மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். பின்வரிசையில் இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். மறுபடி இடம் வந்தது. இத்தனை பேர் முன்னால் வாய்மூடி நிற்க முடியாமல் சிட்டிபாபு பாடினார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார்.

தணிகாசலம் நடு மேடையில் விரித்த பொன்னாடையோடு நின்றார். யாருக்குப் போர்த்துவது என்று தெரியவில்லை. கடைசியில் பாடுகிறவர் தோளில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இளவட்டங்கள் தூறலில் மேடைக்குக் கீழே ஆட வந்தார்கள். சேறு தெறித்தது. விளக்கை அவர்கள் பக்கம் திருப்பினார்கள். பாவம் என்ற அம்மாவும் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்மேல் ஒரு கண்ணும் இல்லை.

இதற்குப் பிறகு சிட்டிபாபு என்னைக் கூப்பிட மாட்டார். தெரிந்துதான் ஆரம்பித்தேன். வேறு குழு தேட வேண்டும். தேடுகிறேன்.

பாட்டு முடியப்போனது. சிட்டிபாபு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு மூச்சு வாங்கினார். அவர் கண் என் பக்கம் வந்தது. மைக் வாய்க்குப் போனது. எதையோ சொல்லத் தயாராகிவிட்டார் என்று தெரிந்தது.

கடைசித் தட்டு விழுவதற்கு முன்பே அடுத்த பாட்டை ஆரம்பித்தேன்.