சாவியில்லாத ஜீப்

அந்த ஜீப்புக்குச் சாவி கிடையாது. வண்டி வீட்டுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டுப் பவளத்துக்குச் சிரிப்புதான் வந்தது.

"குண்டு விழுகையில சாவி யாருகிட்ட இருக்குன்னு தேடிக்கிட்டு நிப்பானா ஒருத்தன்?" என்றார் அவள் கணவர் பரமசிவம். "யாரு ஏறினாலும் இந்த ஸ்விட்சத் திருகணும், கீழ இருக்க குமிழ மிதிக்கணும், கிளம்பணும். ரெண்டாம் உலகப் போருக்குன்னே செஞ்ச வண்டி பவளம். அவசரத்துக்குப் பொறந்தது."

"நம்ம வீட்டுல யாருக்கு என்ன அவசரம்?" என்று அவள் கேட்டாள்.

அப்போது அவருக்குக் கண் நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதாக இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்கள். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு, குடகில் ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டுக்குப் பின்னால் கோழி அடைகாத்துக் கிடந்த ஜீப்பை லாரியில் ஏற்றி வந்து, மூக்கண்டப்பள்ளி வீட்டு வாசலில் இறக்கினார். பாதி இரும்பு, பாதி துரு. மேலே வெள்ளை பெயிண்ட், அதைச் சுரண்டினால் தோட்டத்துக்காரர் அடித்த பச்சை, அதற்கும் அடியில் பட்டாளத்தின் மங்கிய பாசி நிறம். பாசி நிறத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரத்தின் முனை தெரிந்த அன்று, பிள்ளை பிறந்த வீட்டில் கூப்பிடுவதுபோல அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். கேலி செய்துகொண்டே போனவள், அந்த முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள். யாரோ ஒருவன் எங்கோ சாகப் பயந்துகொண்டு இதில் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. அதன்பிறகு அவளும் மண்ணெண்ணெயில் போல்ட் கழுவினாள்.

ஜீப்புக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம் ரோட்டில் முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் வலது பக்கமாக எட்டிப் பார்க்க வேண்டும். இடது பக்கம் இருப்பவருக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. வலது சீட்டில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை பவளத்துக்கு வந்தது. "போலாமா?" என்று அவர் கேட்பார். "போலாம்" என்றால் தாண்டுவார், "வேணாம்" என்றால் பின்னாலேயே போவார். தன் ஒரு சொல்லுக்கு அவர் இப்படிச் சட்டென்று கட்டுப்படுவது கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்குப் புதிதாக இருந்தது. அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் உறுத்துகிறது.

போன வருஷம் சாப்பிடும்போது வலது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரை அவர் தட்டிவிட ஆரம்பித்தார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அவர் எப்போதாவது ஒருமுறை அழுத்தினார். வெளியே வந்து, "மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கு டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்துப் பார்வை போய்விட்டது, நடுவில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றார். குழாய்க்குள் பார்ப்பது மாதிரி. போனது திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். வண்டி ஓட்டவே கூடாது.

"சுப்ரியாகிட்ட சொல்லாத" என்றார் ஆட்டோவில்.

அவள் ஒருநாள் சொல்லத்தான் போனாள். பெங்களூரில் இருக்கும் மகள் சுப்ரியா போனில் சிரித்தாள். "அப்பாவுக்கா கண்ணு தெரியல? ஊசில நூல் கோக்குறாரும்மா அவரு. அவருக்குன்னு இருக்குறது அந்த ஜீப் ஒண்ணுதான். விடேன்."

ஊசியில் நூல் கோப்பது உண்மைதான். நடுவில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பக்கத்தில் வந்து நிற்கிற ஆள்தான் தெரியாது. இதை எப்படிச் சொல்லி நம்பவைப்பது? பவளம் வேலை பார்ப்பது எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், இன்ஸ்பெக்‌ஷனில். லென்ஸுக்கு அடியில் போர்டை வைத்துப் பார்த்து, மயிரளவு கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவாள். அங்கே அவள் ஒட்டியதை மேனேஜரும் எடுக்க முடியாது. வீட்டில் அவளிடம் எந்த ஸ்டிக்கரும் இல்லை.

கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் கண்காட்சி என்று அழைப்பு வந்தது. அவர் போவதென்று முடிவு செய்துவிட்டார். அழுதாள், சண்டை போட்டாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். "நீதான் பக்கத்துல இருக்கியே" என்றார் அவர், அது ஒரு பதில் என்பதுபோல.

ஒளித்துவைக்கச் சாவி இல்லை. ஆனால் அவரே முன்பு ஒருமுறை பெருமையாகச் சொன்னது நினைவிருந்தது. "சண்டைக் காலத்துல வண்டிய விட்டுட்டுப் போறவன் இந்த ரோட்டரக் கழட்டிப் பையில போட்டுக்குவான். எதிரி வந்து தலகீழா நின்னாலும் கிளப்ப முடியாது." என்ஜினுக்கு மின்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் இருக்கும் கட்டைவிரல் பருமனான ஒரு துண்டு. சனிக்கிழமை மதியம் அவருக்குச் சொட்டு மருந்து விட்டாள். மருந்து இறங்கும்வரை அவர் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் போய் பானெட்டைத் தூக்கி, மூடியின் கிளிப்புகளைத் தள்ளி, ரோட்டரை உருவி, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியபடியே, "எந்திரிக்கலாமா?" என்று கேட்டார். "இன்னுங் கொஞ்ச நேரம்" என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு காலை அவர் திருகினார், மிதித்தார். என்ஜின் இருமிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. இறங்கிப் போய் மூடியைத் திறந்து பார்த்தார். அவள் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்குள் போய் மேஜை இழுப்பறையிலிருந்து எண்ணெய்த் தாளில் சுற்றிய புது ரோட்டரை எடுத்து வந்து மாட்டினார். வண்டி உறுமியது.

"ஏறு" என்றார்.

அவள் வாசலில் நின்றாள். ஏறாவிட்டால் அவர் தனியாகப் போவார். ஏறினால், அவள் இருக்கிற தைரியத்தில் போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் போவது ஒன்றுதான். ஏறினாள்.

பைபாஸில் லாரிகள் தள்ளிவிட்டுப் போய்விடும் என்று கெலமங்கலம், ராயக்கோட்டை வழியாகப் பழைய ரோட்டைப் பிடித்தார். ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்கள் வெயிலில் வெள்ளையாக மின்னின. பைக்கில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சல்யூட் அடித்தான். பரமசிவத்தின் முகத்தில், பல மாதங்களாக அவள் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. பார்த்தால் ரோட்டை விட்டுவிடுவோமே என்று பயமாகவும் இருந்தது.

"போலாமா?"

"வேணாம். பஸ் வருது... இப்ப போலாம்."

கெலமங்கலம் தாண்டி ஒரு தக்காளி வேனுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வலது பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றித் திரும்பினாள். இடது பக்கத்து மண் பாதையிலிருந்து ஒரு பெண் மொபெட்டில் ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். அவர் பக்கம், அவர் கை எட்டும் தூரம். அவர் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!"

பிரேக் கிறீச்சிட்டு ஜீப் குறுக்கே திரும்பி அணைந்தது. மொபெட் புல்லில் சரிந்தது. அதன் பின்னால் கட்டியிருந்த பெட்டி உடைந்து தக்காளி ரோடெல்லாம் உருண்டது. அந்தப் பெண் முழங்கையில் மண்ணோடு எழுந்து நின்றாள்.

"கண்ணு பொடனியிலயா இருக்குது உனுக்கு? இவ்ளோ பெரிய ஆளு வர்றது தெரில?"

பரமசிவம் இறங்கினார். "மன்னிச்சிரும்மா. அடி பட்டுருச்சா?"

அதற்குள் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஜீப்பைப் பார்த்தார்கள், நிமிர்ந்து நின்ற அவரைப் பார்த்தார்கள். "ஏம் பண்டி இதி!" என்று ஒரு பெரியவர் தெலுங்கில் வியந்து முன்பலகையைத் தடவினார். இன்னொருவர், "மாரம்மா, நீதான் பாக்காம ஏறிட்ட. சாரு அந்தப் பக்கந்தான உக்காந்து ஓட்றாரு, அவுருக்குத் தெரியாமயா இருக்கும்? மிலிட்டரிக்காரரு" என்றார்.

"நா பாத்துத்தாண்ணா வந்தேன்..."

"என்ன பாத்த? உட்டா ஜீப்புக்கு உள்ளயே ஏறியிருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். மாரம்மா ஒருமுறை பவளத்தைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. சொன்னால் இத்தனை பேர் நடுவில் அவரைக் குருடர் என்று சொல்வதாகும். சொல்லாவிட்டால் இவள் பொய்க்காரி. மாரம்மா தலையைக் குனிந்துகொண்டு தக்காளி பொறுக்கத் தொடங்கினாள். அவரும் கூடக் குனிந்தார். நேர் எதிரே கிடந்ததையெல்லாம் பொறுக்கினார். காலுக்குப் பக்கத்தில் கிடந்ததை மிதித்தார். யாரும் கவனிக்கவில்லை.

பவளம் இறங்கினாள். "என்ஜின் சூடாயிருச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே பானெட்டைத் தூக்கினாள். கிளிப், மூடி, ரோட்டர். கைப்பையில் இப்போது இரண்டு.

அவர் வந்து ஏறினார். திருகினார், மிதித்தார். பிடிக்கவில்லை.

"தள்ளலாம் சார், எறங்காதீங்க!" கூட்டம் உற்சாகமாகத் தள்ளியது. "ஏய், கைய வெச்சுட்டு சும்மா வர்ற, தள்றா!" சிரிப்பும் கூச்சலுமாக ஜீப் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. மறுபடி தள்ளினார்கள். ஜீப்புக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பவளத்தை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நேராகப் பார்த்தார். அவள் நடுவில் இருந்தாள், நன்றாகவே தெரிந்திருப்பாள்.

பைக்கில் போன ஒருவர் நிறுத்தினார். சட்டையெல்லாம் கிரீஸ். "கந்தண்ணா வந்துட்டாரு, உடுங்க, மெக்கானிக்கு" என்றார்கள்.

"கரன்ட் வர்ல போலக்குது சார்" என்றார் கந்தன். "மூடியக் கழட்டிப் பாத்துர்லாமா?"

"வேணாம் தம்பி, நானே பாத்துக்கிறேன்."

"அட இருங்க சார், ஒரு நிமிசம்." கந்தன் பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஸ்பேனர் பையை அவிழ்த்தார்.

பரமசிவம் இறங்கிப் பவளத்தின் அருகில் வந்து நின்றார். "குடு" என்றார் தணிந்த குரலில்.

"வேணாங்க. வண்டிய இங்கயே விட்டுட்டு பஸ்ல போயிருவோம்."

"இன்னைக்கு பஸ்ல ஏறி உக்காந்தா அப்புறம் எல்லாத்துக்கும் பஸ்தான். ஒரு வீட்டுக்குப் போறதுன்னாலும் ஒருத்தர் கையப் பிடிச்சுத்தான்."

"பிடிச்சுக்கிறேன்."

அவர் கையை நீட்டினார். கை அவளை விட்டு ஒரு சாண் தள்ளி, காற்றில் நீண்டது. அவள் அங்கே இருப்பதாக நினைத்து நீட்டியிருக்கிறார். விரலெல்லாம் தக்காளிச் சாறு. கந்தன் பானெட்டுக் கொக்கியில் கை வைத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடி திறக்கும். உள்ளே ரோட்டர் இல்லையென்று தெரியும். யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று கேட்பார்கள். இதோ நிற்கிற இத்தனை பேருக்கும் முன்னால் அவர் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பவளம் ஒரு சாண் தள்ளிப் போய் அந்தக் கைக்கு நேராக நின்றாள். பையிலிருந்து எது கையில் வந்ததோ, அதை எடுத்து வைத்தாள். பழையதா புதியதா என்று அவள் பார்க்கவில்லை.

"நகரு தம்பி" என்று சொல்லி அவர் பானெட்டுக்குள் குனிந்தார். விரல்கள் தேடாமல் இடத்தைக் கண்டன. வண்டி பிடித்தபோது கூட்டம் விசிலடித்தது. கந்தன் ஏமாற்றத்தோடு சிரித்தார். "கை ராசி சார் உங்களுக்கு." மாரம்மா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பவளம் வலது சீட்டில் ஏறினாள்.

கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு கிரானைட் லாரி. வீடளவு கல்லைச் சங்கிலியில் கட்டி வைத்துக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் போனது.

"போலாமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். ரோடு வளைவு வரை காலியாகக் கிடந்தது.

"வேணாம்" என்றாள்.

அவர் பின்னாலேயே போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார்.

"வேணாம். வண்டி வருது."

எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. வந்தால் சத்தம் கேட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் தாண்டவில்லை. லாரிக்குப் பின்னால், கல் தூசியைத் தின்றுகொண்டு, நடக்கிற வேகத்தில் போனார்கள். அவர் கேட்டார், அவள் வேணாம் என்றாள். இப்படியே கிருஷ்ணகிரி வரைக்கும் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சு லேசானது. அந்தக் கல்லின் முதுகைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ராயக்கோட்டைக்கு முன்பாகவே லாரி கையைக் காட்டி, பாலிஷ் ஃபேக்டரிக்குப் போகும் மண் ரோட்டில் திரும்பிவிட்டது.

முன்னால் வெறும் ரோடு. தாண்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தார். இரு பக்கமும் வயல்களிலிருந்து மண் பாதைகள் ரோட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தன. பவளம் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மறுபடி இடது பக்கம் பார்த்தாள்.