எல்லாக் கதவும் திறக்கும் பட்டன்

“பிரேக்கைக் கையால பிடிக்கிறீங்களா, கோபத்தால பிடிக்கிறீங்களா அண்ணி?”

“நீ கொண்டு வந்து வச்சது பேட்டரியா, டார்ச் லைட்டா தம்பி? அதை முதல்ல சொல்லு.”

ஓய்வறையில் அண்ணியும் கொழுந்தனும் மோதிக்கொண்டது நடைமேடை வரை கேட்டது. அண்ணி அந்தக் கிளைப்பாதையில் பத்தொன்பது வருஷமாக ரயில் ஓட்டுபவள். கொழுந்தன், அங்கே புதிதாக வந்திருக்கும் ஒற்றைப் பெட்டி பேட்டரி ரயிலின் பொறியாளர். டீசல் வண்டி கட்டுப்படியாகவில்லை. பாதை முழுக்க மின்கம்பி இழுக்கவும் வசதியில்லை. சந்திப்பு நிலையத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கடைசி ஊர் வரை போய்த் திரும்பும் இந்த வண்டியை விட்டால் வேறு வழியில்லை. திரும்பி வரும்போது பேட்டரியில் இருபது சதவீதம் மிச்சமிருக்க வேண்டும். பயணிகளோடு ஓட்டிப் பார்த்த இரண்டு சோதனையிலும் பதினாலைத் தாண்டவில்லை. இன்று மூன்றாவது. இதிலும் தவறினால் பாதையை மூடிவிட்டுப் பஸ் விடப்போவதாக மேலிடம் எழுதியே கொடுத்துவிட்டது.

இறக்கத்தில் மின்பிரேக் பிடித்தால் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்பும். அண்ணி டீசல் காலத்து நினைப்பில், சார்ஜ் எதுவும் திரும்பாத காற்றுப் பிரேக் போடுகிறாள் என்பது அவன் கட்சி. தன் கையில் தப்பே இல்லை என்பது இவள் கட்சி.

“பக்கத்துல உட்காந்து பாரு. நான் தப்பா பிடிச்சா இன்னைக்கு உங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் நான் கழுவறேன்.”

உட்கார்ந்து பார்த்தான். இறக்கம் முழுக்க அவள் காற்றுப் பிரேக்கைத் தொடவே இல்லை. ஆனாலும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் திரையில் பேட்டரி சதவீதம் மளமளவென்று இறங்கியது.

மூன்றாவது நிறுத்தத்தில் ஈ காக்கை இல்லை. வழக்கம்போல எல்லாக் கதவையும் திறக்கும் பட்டனை அமுக்கினாள். வெயில் காற்று உள்ளே பாய்ந்தது. கூரையில் ஏசி உறுமத் தொடங்கியது. பழைய வண்டியில் ஏசி கிடையாது. கதவைத் திறந்தால் காற்றாவது வரும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

“தம்பி, சார்ஜைத் திங்கறது இறக்கம் இல்லப்பா. கதவு.”

போக ஒன்பது, வர ஒன்பது நிறுத்தம். ஒவ்வொன்றிலும் ஆறு கதவு, ஒரு நிமிஷம். கொழுந்தன் தலையைச் சொறிந்தான். ஒவ்வொரு கதவிலும் பயணிகளே அமுக்கப் பச்சைப் பட்டன் வைத்தது அவன்தான். அதை ஒருவரிடமும் சொல்லாமல் விட்டதும் அவன்தான்.

அடுத்த நிறுத்தத்தில் அண்ணி கையைக் கட்டிக்கொண்டாள். துணி மூட்டையோடு நின்ற தையல்காரம்மா, கதவு திறக்காததைக் கண்டு நேராக ஓட்டுநர் ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

“என்னம்மா, என்மேல ஏதும் கோபமா?”

“கோபமில்லக்கா. பச்சைப் பட்டனை அமுக்குங்க, உங்க கதவு மட்டும் திறக்கும்.”

அதன்பின் ஒவ்வொரு ஊரிலும் மைக்கில் இதையே சொன்னாள். பாதி வழிக்குள் பயணிகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சந்திப்புக்குத் திரும்பியபோது திரையில் இருபத்தொன்று.

“பாத்திரம் கழுவ வரணுமா தம்பி?”

“சாப்பிட வாங்க அண்ணி. கழுவறது நான்.”

பாதை பிழைத்தது. சண்டைதான் ஓயவில்லை. பட்டன் அமுக்க ஆளில்லாத ஊரில் வண்டி நிற்கவே வேண்டாம், இன்னும் மிச்சமாகும் என்கிறான் அவன். கடைசி நிமிஷத்தில் ஓடி வருகிறவரை என்ன செய்வாய் என்கிறாள் இவள். சின்ன ஊர் ரயிலில் அன்றாடம் போய்வருகிறவர்களுக்குத்தான் இது தெரியும். வண்டி நிற்கணுமா, வேண்டாமா? கீழே ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.