டிரைவர் சாப்பாடு

விக்கிரவாண்டி தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற அந்த மோட்டலில் டிரைவர்களுக்குச் சாப்பாடு இலவசம். பின்பக்கம் அவர்களுக்கென்று தனி அறை உண்டு. பரோட்டா, சிக்கன் குழம்பு, ஆம்லெட், கடைசியில் குலோப்ஜாமூன். கேட்டால் சிகரெட்டும் வரும். பஸ்ஸை வேறெங்கும் நிறுத்தாமல் அங்கே கொண்டுவந்து நிறுத்துவதற்கான உபசாரம் அது. அதே நேரத்தில் முன்பக்கம் பயணிகள் ஒரு காய்ந்த தோசைக்கு மூன்று தோசை விலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இருதயநாதன் இருபது வருடத்துக்கும் மேல் அந்த அறையில் சாப்பிட்டவர். சென்னையிலிருந்து நாகர்கோவில் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். வீடு ஒலக்கூர் பக்கம். ஒரு ராத்திரி போவார், மறு ராத்திரி திரும்புவார், அடுத்த நாள் வீட்டில் தூங்குவார். நாற்பத்தெட்டு வயதில் ஒருநாள், எதிரே வந்த லாரியின் விளக்குகள் அவருக்கு நான்காகத் தெரிந்தன. மறுநாளே திண்டிவனத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "இவ்ளோ சுகர வச்சிக்கினு எப்படிங்க வண்டி ஓட்டுனீங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க மேடம்."

"ராத்திரி வேலைய வுட முடியாதுன்னா அந்தச் சாப்பாட்டையாவது வுடுங்க. நடுராத்திரியில வயிறும் தூங்கணும்ல? வண்டி ஏறுறதுக்கு முன்னாடி வீட்லயே நல்லா சாப்பிட்டுப் போங்க. ராத்திரிக்கு லேசா எதாவது எடுத்துக்கோங்க. வண்டி நிக்கிறப்ப உக்காராதீங்க, நடங்க. பகல்ல ஜன்னல மூடிட்டு இருட்டுல தூங்குங்க."

கூட வந்திருந்த அவர் மனைவி இன்னாசியம்மாள் அதில் ஒரு சொல்லையும் விடவில்லை. முருங்கைக்கீரை போட்டுக் கேப்பை அடை தட்டினாள். மல்லாட்டைக் கடலையை உப்புப் போட்டு வேகவைத்தாள். ஒரு பாட்டிலில் மோர் ஊற்றினாள். ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணியடித்து மாட்டினாள். அவர் தூங்கும்போது பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் போய்ச் சண்டை போட்டாள். சாயங்காலம், பஸ்ஸை எடுக்கச் சென்னைக்குப் போகிற ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே அவரைக் கிளப்பிவிட்டு, "பிளாட்பாரத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடங்க. ரயிலு வந்தா ஏறிக்கிங்க" என்பாள்.

மோட்டலில் பஸ்ஸை நிறுத்தியதும் மற்ற டிரைவர்கள் பின்பக்கம் போவார்கள். இருதயநாதன் முன்பக்கத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்து அடையைத் தின்றுவிட்டு மைதானத்தைச் சுற்றுவார். அவரோடு மாற்றி ஓட்டுகிற பூவரசன், பல்லைக் குத்திக்கொண்டே வந்து பார்த்துச் சிரிப்பான்.

"இன்னாண்ணா, போலீஸ் செலக்சனுக்குப் போறியா?"

"சிரிடா. உனக்கும் வயசாவும்."

ஆறேழு மாதத்தில் தொப்பை கரைந்தது. கண் தெளிந்தது. மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. பேண்ட்டுகளைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னபோது இன்னாசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இடுப்பப் பாரு, மாப்பிள்ளை மாதிரி." டாக்டரம்மா அவருடைய ரிப்போர்ட்டை வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகையில் அவர் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

அப்போதுதான் ஒரு ராத்திரி மோட்டலில் ஒரு பெண் அவரிடம் வந்தாள். பஸ்ஸில் வந்த பயணி. மரத்தடியில் அவர் சாப்பிடுவதைப் பார்த்து நின்று கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஏன் உள்ள சாப்பிடல?"

"எனக்கு இந்தச் சாப்பாடு ஆவாதும்மா. வூட்டுச் சாப்பாடுதான்."

சுகர் என்று சொல்லத்தான் நினைத்தார். முன்பின் தெரியாத பெண்ணிடம் அதை எதற்குச் சொல்ல என்று விட்டுவிட்டார். அவள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அவரும் சிரித்தபடி முகத்தைக் காட்டினார்.

டிரைவரே சாப்பிடாத ஓட்டல் என்று தலைப்புப் போட்டு அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. கையில் அடையோடு இருதயநாதன், பின்னால் மோட்டலின் பெயர்ப்பலகை. அந்த வாரத்திலிருந்தே ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கழிப்பறைக்குப் போய்விட்டு நேராக ஏறிக்கொண்டார்கள். சிலர் கல்லாவில் இருந்த மேனேஜர் வேங்கடேசனிடமே போனை நீட்டிக் காட்டினார்கள். வேங்கடேசன் பஸ் முதலாளிக்குப் போன் போட்டார்.

பஸ் முதலாளி தென்னரசுவின் ஆபீஸ் கோயம்பேட்டில் இருந்தது. அவருக்கும் ஏறக்குறைய இருதயநாதன் வயதுதான். ஆனால் பத்து வயது குறைத்துச் சொல்லலாம். இருதயநாதன் உள்ளே போனபோது மேசையில் டப்பாவைத் திறந்து வைத்து வெள்ளரிக்காயும் முளைகட்டிய பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வா இருதயம். இளைச்சிட்டியே. நல்லாருக்கு."

"சுகருங்க மொதலாளி. டாக்டரு சொன்னதால..."

"நீ சாப்பிடாதது தப்பேயில்ல. நீ சாப்பிடாதத ஜனங்க பார்த்தாங்க பாரு, அதான் தப்பு." ஒரு வெள்ளரித் துண்டை நிதானமாக மென்றார். "அந்த ஓட்டலுக்காரரு நமக்கு எவ்ளோ செய்றாருன்னு உனக்குத் தெரியாது. இனிமே நீ பின்னாடி ரூமுக்குப் போவாத. முன்னாடி கண்ணாடி ஓரமா ஒரு டேபிள் போடச் சொல்லியிருக்கேன். யூனிபாரத்தோட உக்காரு. எல்லாரும் பாக்குற மாதிரி நல்லா சாப்பிடு."

"மொதலாளி, எனக்கு உசுரு போயிடும்."

"பரோட்டா தின்னு எவனாவது செத்திருக்கானா? அதான் மாத்திரை போடுறல்ல. கூட ஒண்ணு போட்டுக்கோ."

இருதயநாதனின் அசல் லைசென்ஸ் தென்னரசுவின் டிராயரில் இருந்தது. டிரைவர்கள் சொல்லாமல் ஓடிவிடக்கூடாது என்று எல்லாருடையதையும் வாங்கி வைத்திருந்தார். இருதயநாதன் அதைக் கேட்டார். வேறு ஆள் கிடைத்ததும் தருவதாகச் சொன்னார் தென்னரசு. லைசென்ஸ் இல்லாமலே இருதயநாதன் இரண்டு கம்பெனிகளில் போய் நின்று பார்த்தார். பெயரைச் சொன்னதுமே, "அந்த போட்டோவுல இருந்த ஆளா?" என்று சிரித்தார்கள். அவர்களுடைய பஸ்களும் இதே மாதிரி மோட்டல்களில்தான் நின்றன.

கண்ணாடி ஓரத்து மேசையில் உட்கார்ந்தார். வேங்கடேசனே வந்து பரிமாறினார். பயணிகளுக்குக் கொடுக்காத சூடான பரோட்டா. அதன் மேல் எண்ணெய் மிதக்கிற குழம்பு. கிண்ணத்தில் குலோப்ஜாமூன்.

"டிரைவர் சாருக்கு இன்னொண்ணு வைப்பா" என்று மேசைக்கு மேசை கேட்கிற மாதிரி சொன்னார்.

பூவரசனுக்கு ஒரு புது வேலை கிடைத்தது. இருதயநாதன் சாப்பிடுவதைப் போனில் வீடியோ எடுத்து முதலாளிக்கு அனுப்ப வேண்டும். தட்டு காலியாவது தெரிய வேண்டும். முதல் நாள் இருதயநாதன் பாதியில் எழுந்தார்.

"உக்காருண்ணா. முழுசா காட்டணும்னு சொல்லியிருக்காரு."

"பூவு, நீ என் தம்பி மாதிரிடா. பாதியோட நிறுத்திடு. போனு சார்ஜ் இல்லன்னு சொல்லு."

"உன்னால ஒரு மாசமா எங்க யாருக்கும் சிகரெட்டுகூடத் தரல தெரியுமா? சொகுசா கேப்பை தின்னுக்கினு நீ வாக்கிங் போன. நாங்க இன்னா பண்ணோம்? தின்னுண்ணா. அந்த ஜாமூனையும் தின்னு."

மரத்தடியில் அவர் வைத்துவிட்டு வந்திருந்த டப்பாவைப் பூவரசன் எடுத்துத் திறந்தான். இன்னாசியம்மாள் தட்டிய அடைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து நாய்களுக்குப் போட்டான். அதையும் வீடியோ எடுத்து டிரைவர்கள் குரூப்பில் போட்டான். எல்லாரும் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பியிருந்தார்கள்.

இருதயநாதன் வீட்டில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய் விரலை விட்டு வாந்தி எடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு அப்படி வாந்தி எடுத்த ஒரு ராத்திரி, உளுந்தூர்பேட்டை தாண்டி சுகர் ஒரேயடியாக இறங்கிக் கைகால் நடுங்கி உடம்பெல்லாம் வேர்த்தது. வண்டியை ஓரம் கட்டி ஸ்டீயரிங்கில் கவிழ்ந்துகொண்டார். உள்ளேயிருந்து பயணிகள், "குடிச்சிட்டு ஓட்றான் பாரு" என்று கத்தினார்கள். பூவரசன் அவரை இழுத்துப் பின்னால் போட்டுவிட்டு மீதி தூரத்தை ஓட்டினான். அதற்குப் பிறகு அவர் வாந்தி எடுப்பதை விட்டுவிட்டார். தின்றது உள்ளேயே தங்கியது.

செருப்பில்லாமல் ஓட்டுவதுதான் அவர் பழக்கம். பழைய வண்டி, என்ஜின் மூடியின் தகடு கொதிக்கும். எப்போதும் சூடு பட்டதும் காலை இழுத்துக்கொள்வார். அந்த மழைக்காலத்தில் காலுக்குச் சூடு தெரியவில்லை. மரத்துப்போயிருந்தது. பகலில் தூங்கிக்கொண்டிருந்தவரின் போர்வையைச் சரிசெய்யப் போன இன்னாசியம்மாளுக்கு ஏதோ நாறுவது போலிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்தின் ஓரம் கறுத்து, வெந்த தோல் பிரிந்து, உள்ளே சீழ் கோத்திருந்தது.

"மாதாவே! வலிக்கலயாங்க?"

"எங்க?" என்று கேட்டார் அவர்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் அழவில்லை. "அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்து அவன் மூஞ்சியில துப்பியிருப்பேன்" என்றாள். விரல்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

ஆனால் தென்னரசுவைப் பார்க்கப் போன அன்று அவளால் துப்ப முடியவில்லை. உதவி கேட்கப் போயிருந்தாள். அவர் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு மெதுவான குரலில் பேசினார்.

"இவ்ளோ சுகர வச்சிக்கினு உங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டியிருக்காரும்மா. நாப்பது உசுரு உள்ள தூங்குது. நான் போலீஸுக்குப் போவாம இருக்கறதே பெரிய உதவி."

"நீங்கதானங்க தின்னச் சொன்னீங்க?"

"நானா? வீடியோ எல்லாம் இருக்கு. பாருங்க, யாராவது புடிச்சி ஊட்டுறாங்களா? அவரே ஆசையா திங்கிறாரு." போனைத் திருப்பிக் காட்டினார். அவள் புருஷன் அதில் தலைகுனிந்து தின்றுகொண்டிருந்தார். தென்னரசு டிராயரைத் திறந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். "அவரு ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்தாரு. எடுத்துக்கினு போங்க."

மாதக்கணக்கில் அலைந்தும் அவளுக்கு ஊர்ப் பக்கம் நிலையான வேலை அமையவில்லை. வேங்கடேசன்தான் ஆள் விட்டார். மோட்டலில் ராத்திரிக்குச் சமையலுக்கும் பரிமாறவும் பொம்பளை ஆள் தேவைப்பட்டது. "புருஷன் காலு போனதுக்கு எங்களால முடிஞ்சது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சொல்ல வந்தவனை இன்னாசியம்மாள் விரட்டினாள். வாசலில் கட்டையை ஊன்றி நின்ற இருதயநாதன், "வேற இன்னா வழி இருக்குது சொல்லு" என்றார். அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். மறு வாரம் போனாள்.

டிரைவர்கள் அறையில் அவளைப் பரிமாற விட்டார்கள். முதல் சில நாட்கள் பூவரசன் அவளைக் கண்டதும் வெளியே போய்விட்டான். அப்புறம் பசி தாங்காமல் வந்து உட்கார்ந்தான். இப்போது அவன்தான் அந்த பஸ்ஸுக்கு முதல் டிரைவர். உடம்பு நன்றாக ஊதியிருந்தது.

"அண்ணி, என் மேல கோவமா?"

"உன் மேல எதுக்குப்பா கோவம்? சொன்னத செஞ்ச."

அவள் பரோட்டா வைத்தாள். அவன் சாப்பிட ஆரம்பிக்கும் முன்பே ஜக்கைத் தூக்கித் தண்ணீரைக் குடித்தான். பாதியில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, மறுபடியும் குடித்தான். ஜக் காலியானது. அவன் புறங்கையில் ஒரு சிறிய புண் ஆறாமல் ஓரம் சிவந்திருந்தது.

"இன்னான்னே தெரியல அண்ணி, ரெண்டு மாசமா நாக்கு வறண்டு போவுது. எவ்ளோ குடிச்சாலும் அடங்கல. எஞ்சின் சூடு ஒத்துக்கலபோல."

இன்னாசியம்மாள் கரண்டியோடு நின்றாள். அவளுக்கு அந்த நோயின் ஒவ்வொரு அடையாளமும் தெரியும். திண்டிவனத்து டாக்டரம்மாவின் பெயர் நாக்கு நுனிக்கு வந்தது.

"சூடாத்தான் இருக்கும்" என்றாள். "இனிப்பு சாப்பிட்டா அடங்கும்பா."

ஒன்று வைக்கிற கிண்ணத்தில் மூன்று குலோப்ஜாமூன்களை வைத்தாள். பாகையும் வழிய ஊற்றினாள்.

"உன் மனசு யாருக்கும் வராது அண்ணி" என்றான் பூவரசன்.

அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். விடிந்து வீட்டுக்கு வந்தபோது இருதயநாதன் விழித்திருந்தார்.

"பூவரசன் அங்க வர்றானா?"

"தெனமும் வர்றான்."

"எப்படி இருக்கான்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா சாப்பிடுறான்" என்றாள்.