ரங்கராஜன் வாங்கிய பெட்ரோல் பம்ப்

2002 ஜூலையில், புனேயை அடுத்த ஆகுர்டியில் குடியிருந்த ரங்கராஜனின் வெள்ளைக் கார் ஸ்டார்ட் செய்ததும் தரையை விட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி, அந்தரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. அதே வாரம் தக்காளி விலையும் ஏறியிருந்ததால் காலனியில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்த ரங்கராஜன், அந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது அதில் இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் இருந்தது. முதல் மழையிலேயே அதன் கம்ப்யூட்டர் நனைந்து செத்தது. மெக்கானிக் இருதயராஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழைய கார்புரேட்டர் ஒன்றை மாட்டினார். டேங்கிலிருந்து அதற்குப் பெட்ரோல் தள்ள ஒரு பம்ப் மட்டும்தான் பாக்கி. அவசரம் ரங்கராஜனுக்கு அல்ல, மனைவி கிரிஜாவுக்கு. ஊரின் மறுகோடியில், லோஹேகாவ் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து, பஸ் மாறி மாறிப் போய்த் தினமும் முதல் மணி அடித்த பிறகே சேர்ந்தாள். இப்படியே போனால் வேலை போய்விடும் என்று பிரின்சிபால் சொல்லியாயிற்று.

நானா பேட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் பெரிதும் சிறிதுமாக இரண்டு பம்புகளை எடுத்து வைத்து, சின்னதை நீட்டி, "புரே?" என்றார். மராத்தியில் அதற்குப் போதுமா என்று அர்த்தம். ரங்கராஜனுக்குத் தெரிந்தது தபாலில் படித்த ஹிந்தி மட்டுமே. பிரஷர் பூராவும் வேண்டுமா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, "ஹாங், பூரா! பூரா!" என்றார். கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் பெரியதைக் கட்டிக் கொடுத்தார். ரங்கராஜன் பெட்ரோல் பம்ப் வாங்கிவிட்டதாகக் காலனியில் பரவி, புனேயில் பெட்ரோல் பங்க்கையும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால், மூன்று வீட்டுக்காரர்கள் பேடா கேட்டு வந்தார்கள்.

இருதயராஜ் பம்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "சார், இது இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு உள்ளது. நாப்பது பவுண்டு பிரஷர் அடிக்கும். கார்புரேட்டருக்கு மூணு போதும். பொங்கிரும் சார்."

"பரவால்லைங்க, மாட்டுங்க. நாளைக்கு அவ நேரத்துக்குப் போயாகணும்."

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும், நியாயப்படி பெட்ரோல் பொங்கி ரோடெல்லாம் ஓடியிருக்க வேண்டும். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. போக வேறு வழியில்லாத அழுத்தம் காரையே தூக்கிவிட்டது. ரங்கராஜன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே நின்ற கிரிஜா, "ஏனுங்க, கார் ஓட்டத்தானுங்களே சொன்னேன்?" என்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டாள். வழியில் தாபோடி நெரிசலில் நின்ற லாரிகளின் மேலாகப் போய், முதல் மணிக்கு முன்பே பள்ளி வாசலில் இறங்கினாள். பள்ளிக்குப் பக்கத்து ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனிலிருந்து யூனிஃபார்மில் ஒருவர் வந்து, வேப்ப மரத்துக்கு மேலே மட்டும் போகக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ரங்கராஜனுக்குத்தான் பயம். கார் பறப்பதைப் பற்றித் தொழிற்சாலையில் கேட்டால் என்ன சொல்வது, பெட்ரோல் நடுவில் தீர்ந்தால் யார் தலையில் விழுவது என்று யோசித்து யோசித்து இளைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிஜாவுக்குத் தெரியாமல் மூன்று பவுண்டு பம்பை வாங்கி மாட்டச் செய்தார். திங்களன்று கார் ஒழுங்காக ரோட்டில் ஓடி, ஒழுங்காக தாபோடி நெரிசலில் நின்றது. கிரிஜா உள்ளே போனபோது பிரேயர் முடிந்திருந்தது. இதுவே கடைசி என்றார் பிரின்சிபால்.

சாயங்காலம் அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "ரோட்டுல ஓடற கார் ஊர்ல எல்லாருகிட்டயும் இருக்குதுங்க. அவங்க எல்லாரும் லேட்டாத்தான் போறாங்க."

"விழுந்துட்டா என்னம்மா பண்றது?"

"வேலை போயிட்டா மட்டும் என்னங்க பண்றது?"

அன்றே இருதயராஜ் பெரிய பம்பைத் திரும்ப மாட்டினார். அதற்குப் பிறகு கிரிஜா ஒரு நாளும் லேட்டாகவில்லை. 2009இல் அந்தப் பள்ளிக்கே பிரின்சிபால் ஆனாள். டிராஃபிக் போலீஸ் ஒரே ஒரு முறை அண்ணாந்து பார்த்து விசிலடித்து இறக்கி, சீட் பெல்ட் போடாததற்கு அபராதம் விதித்தது. பக்கத்து வீட்டு சாவித்ரிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. இன்ஜின் சூடாகும் வரை கார் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றதால் வடகம் காயவில்லை. சொன்னாள். இப்போது இரண்டு வீடு தள்ளி மிதக்க விடுகிறார்கள்.