மேடு யாருடையது?

மெக்கானிக் தன் மனைவியுடன் பேசுவதை நிறுத்தியதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் காரணம். பிளாஸ்டிக் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அவள் ஆய்வாளர். அவள் வேலை செய்யும் இயந்திரத்தைப் பராமரிப்பவர் அவர். கண்ணாடியாகவும் இல்லாமல் பாகாகவும் இல்லாமல் நடுவில் நின்று வீம்பு பிடிக்கும் சூடான பிளாஸ்டிக்கை இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே வைத்தால், அந்த இயந்திரம் மேல் தகட்டை மெதுவாகத் திருகும். பிளாஸ்டிக் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று திரையில் கோடு போடும். கோடு ஒழுங்காக ஏறிச் சமமாகப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதுவோ தொடக்கத்திலேயே ஒரு மேடு ஏறி இறங்கி, அப்புறம்தான் வழிக்கு வந்தது. மெஷின் சரியில்லை என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள்.

பக்கத்தில் யாராவது தும்மினாலே முறைக்கிற அளவுக்கு அந்த இயந்திரத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பவர் மெக்கானிக். வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். வாயை மட்டும் திறக்கவில்லை.

துறைத் தலைவருக்கு விட்டுப்பிடி என்று பெயர் விழுந்திருந்தது. எந்த நோய்க்கும் அவரிடம் அந்த ஒரே மருந்துதான். "விட்டுப் பிடிம்மா, தானா இளகிடுவார்" என்றார். அவளுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. மன்னிப்பு என்ற சொல் அவள் நாக்கில் அவ்வளவு சுலபமாக ஏறாது. விட்டாள். விட விட அவர் இறுகினார். கடைசியில், கிளைத் தொழிற்சாலைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம், இன்று சாயங்காலக் கூட்டத்தில் முடிவாம் என்ற சேதி அவள் காதில் விழுந்தது.

ஆத்திரத்தை யார்மேலாவது காட்ட வேண்டுமே, பிளாஸ்டிக்கின் மேல் காட்டினாள். திருகினாள், மேடு. நிறுத்தி, உடனே மறுபடி திருகினாள், மேட்டைக் காணோம். மெஷின் கெட்டிருந்தால் மேடு எப்போதும் அல்லவா இருக்க வேண்டும்? கொஞ்ச நேரம் சும்மா விட்டுத் திருகினாள். சின்னதாக ஒரு மேடு. சாப்பாட்டு இடைவேளை முழுக்க விட்டுவிட்டு வந்து திருகினாள். திரையின் உச்சியை முட்டியது.

பிளாஸ்டிக்கின் உள்ளே நீள நீளமான இழைகள், வாராத தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அசைத்துக்கொண்டே இருந்தால் வழிவிடும். சும்மா விட்டால் இன்னும் நெருக்கியடித்து உட்கார்ந்து கெட்டிப்படும். பழி முழுக்கப் பொருளின் மேல். இயந்திரம் பாவம், ஒன்றும் செய்யவில்லை. விட்டால் இளகுமாம், நல்ல வைத்தியர் என்று விட்டுப்பிடியை மனதுக்குள் வறுத்தெடுத்தாள்.

நேரே பக்கத்து அறைக்குப் போனாள். "சின்ன ஸ்பேனர் எங்கங்க?" மெக்கானிக் மோவாயால் காட்டினார். எடுத்துக்கொண்டு போனவள் துணி கேட்டு வந்தாள், பிறகு எண்ணெய் கேட்டு வந்தாள். அவரையும் மெல்ல மெல்லத்தான் திருகினாள். எண்ணெய்க்கு "மேல" என்று ஒரு சொல் கிடைத்தது. அந்தத் தைரியத்தில் மேட்டைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவர் முகம் மறுபடி இறுகியது.

"கூட்டத்துல சொன்னத கூட்டத்துலதான் திருப்பி எடுக்கணும்" என்றார்.

சாயங்காலம் எழுந்து நின்றாள். மேடு மெஷினோடது இல்ல, என்னோட சாம்பிளோடது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், மெக்கானிக் மேஜையைப் பார்த்தார்.

"மேடு மெஷினோடது இல்ல" என்றாள். "என்னோடது."

சாம்பிள் என்ற சொல் வாயில் வரவேயில்லை. யாரோ களுக்கென்று சிரிக்க, அறையே சிரித்தது. மெக்கானிக் அடக்கிப் பார்த்துத் தோற்றார். திருத்திச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னதுதான் சரி என்று பட்டது, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

அப்போது மாற்றலை என்ன செய்வது, கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமா என்று விட்டுப்பிடி கேட்டார்.

"மாத்தலே வேணாம் சார்" என்றார் மெக்கானிக், அவளைப் பார்த்தபடி. "விடவே வேணாம்."

வெளியே வரும்போது, அவள் எதுவும் கேட்காமலே அவராகப் பேசினார். அவள் கோட்டுப் பையில் கிடக்கும் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். நாளைக்குத் தருகிறேன், வந்து கேளுங்கள் என்றாள் அவள்.