கதவில் இடித்த காற்று

பூமி கதவில் மாட்டிக்கொண்டது. அறிவியல் காட்சியகத்தின் வண்டி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நாங்கள் மூன்று பேர் காட்சியகத்துக்காகச் செய்த ஆள் உயரப் பூமி உருண்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் அளவில் புலி. பட்டறைக் கதவை அளந்துவிட்டுத்தான் வேலையையே தொடங்கினார். நடுவில் இரும்புக் குண்டு, அதன்மேல் அடுக்கடுக்காகச் சாந்து, உள்ளே எட்டிப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. எல்லாம் கச்சிதம். இடித்தது, கடைசியாக என் நாத்தனார் பூசிய நீலப் பிசின். காற்று மண்டலமாம். விரல் தடிமன்கூட இல்லை. காற்றை யார் அளப்பார்கள், அவரும் அளக்கவில்லை.

நாத்தனார் எந்த வேலையிலும் ஒட்டாதவள். சேர்ந்த இடத்திலெல்லாம் பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நிற்பாள். இந்தப் பிசினை மட்டும் சோறு தண்ணி மறந்து பூசினாள். மேலே தடவுவதற்கா இவ்வளவு பாடு என்று சீண்டினேன். திரும்பாமலே பதில் சொன்னாள்.

"மேல வந்து ஒட்டினது இல்ல அண்ணி. பூமி உருகிக் கெடந்தப்போ கனமான இரும்பு நடுவுக்கு இறங்கிடுச்சு. முதல்ல சுத்தியிருந்த காத்து பறந்துபோச்சு. இது அப்புறமா எரிமலை வழியா உள்ளேர்ந்து வந்தது."

இப்போது வீட்டுக்காரர் உப்புத்தாளை எடுத்தார்.

"ரெண்டு பக்கமும் தேச்சு எடுத்துட்டா போயிடும். யாருக்குத் தெரியப்போகுது?"

"தேச்சுடுங்கண்ணா. மெல்லிசுதானே," என்றாள் நாத்தனார்.

சிரித்தபடிதான் சொன்னாள். அவள் முழுசாக முடித்த ஒரே வேலை அது. அதைத் தேய்த்தால் மறுபடி பெட்டியைத் தூக்கிவிடுவாள். அவள் போவதில் எனக்கு இஷ்டமில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தாளைக் கீழ வைங்க. கதவு நிலையப் பேத்துடலாம்."

"போன வருஷம் போட்ட நிலை. காத்துக்காகவா செவுத்த இடிப்பாங்க?"

"காத்துக்காகத்தான்."

கடப்பாரையை நானே எடுத்தேன். நான் பிடித்த அழகைப் பார்த்து, "குடு இங்க, காலை ஒடிச்சுக்கப்போற," என்று முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார். டிரைவரும் ஹாரனை விட்டுவிட்டுக் கைகொடுக்க வந்தார். செங்கல் தெரியப் பெயர்ந்த வாசல் வழியாக உருண்டை மெல்ல வெளியே போனது. நாத்தனார் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கியபடி பின்னோக்கி நடந்தாள்.

வெயிலில் நீலம் பளிச்சென்றது. அதன்மேல் அங்கங்கே வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள்.

"தூசியத் துடைச்சுடும்மா," என்றார் அவர்.

ஊதுவதற்கு வாயைக் குவித்தவள் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இருக்கட்டும்ண்ணா, மேகம் மாதிரி இருக்கு," என்றாள். பிறகு சுவரில் இன்னும் கொஞ்சம் தூளைச் சுரண்டி எடுத்தாள்.